தப்பக்காவும் ஒரு சரியான விடையும்

என் தம்பி மகள் பார்த்த வேலைக்கு இன்னும் யாரும் ஒரு நல்ல பெயர் வைக்கவில்லை. கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் ஆடும் வினாடி வினா வீடியோ கேம்களில் ஒரு கேள்வி வரும், அதன் கீழே நான்கு விடைகள் வரும். கேள்வியையும் சரியான விடையையும் வேறு ஆட்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மீதி மூன்று தவறான விடைகளை எழுதுவது இவள் வேலை. காலையில் போய் மாலை வரை உட்கார்ந்து தவறு மேல் தவறாக எழுதிவிட்டு வீடு திரும்புவாள். அலுவலகத்தில் வயதில் சிறியவர்கள் இவளைத் 'தப்பக்கா' என்று கூப்பிட்டார்கள். இவளும் அதற்குப் பழகி, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது அவள் அந்த வேலையில் இல்லை. சோறு போட்ட இடத்துக்கே குழி பறித்தாள் என்று சிலர் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் ஒருவர்கூட என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டதில்லை. அவளையும் கேட்டு, இதில் மாட்டிக்கொண்ட ஒரு கண்ணாடிக் கடைக்காரரையும் கேட்டு, இருவரும் இருந்த இடங்களில் இருவர் சொன்னதும் ஒத்துப்போனதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவறு எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரே ஒரு கேள்விக்கு எழுதிப் பார்க்கட்டும். முதல் தவறு நன்றாக வரும். இரண்டாவது சுமாராக வரும். மூன்றாவதற்கு மூளை நின்றுபோய், சின்னக் குழந்தையும் ஒதுக்கிவிடக்கூடிய ஏதோ ஒன்றை எழுதிவைப்பார்கள். அப்படி எழுதுவது ஆடுகிறவரை அவமதிப்பது என்பாள் இவள். இன்னொரு வழக்கமான கோளாறும் உண்டு. சரியான விடையை எழுதுகிறவர்கள் பயத்தில் அதை நீட்டி விளக்கமாக எழுதிவிடுவார்கள். பார்த்த உடனேயே நீளமான விடைதான் சரி என்று தெரிந்துவிடும். இவள் அதைக் கத்தரித்து நான்கையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவாள்.

ஒரு முறை என்னிடம் சொன்னாள்: "தப்பான விடை சரியான விடைக்குப் பக்கத்து வீட்டுல குடியிருக்கணும், பெரியப்பா. அடுத்த தெருவுல இருந்தா யாரும் ஏமாற மாட்டாங்க. அதே வீட்டுக்குள்ள இருந்தா அது தப்பே இல்ல."

இந்த வேலைக்கு வரும் முன் தேர்வு வழிகாட்டிப் புத்தகங்கள் போடும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தாள். அங்கே தவறை அழிப்பது வேலை. இங்கே தவறை உண்டாக்குவது வேலை. ஆனால் இரண்டுக்கும் ஒரே கவனம்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தவறான விடையும் உண்மையிலேயே தவறுதானா என்று இரண்டு இடங்களில் பார்த்த பிறகே அனுப்புவாள். சரியான விடையை எழுதுகிறவர்கள்கூட அந்த அளவுக்குச் சோதித்ததில்லை.

அந்த விளையாட்டில் அவள் புதிதாகக் கொண்டுவந்த ஒன்று உண்டு. திரையில் கோட்டுப் போட்ட ஒரு பொம்மை மனிதன் கேள்வி கேட்பான். தவறாகச் சொன்னால் முன்பெல்லாம் "அய்யோ, போச்சு" என்று மட்டும் சொல்வான். இவள் ஒவ்வொரு தவறான விடைக்கும் தனியாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். ஏன் ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று யோசித்து, அந்தக் காரணத்தையே பொம்மை மனிதன் மரியாதையாகச் சொல்லும்படி செய்தாள். தோற்றவருக்கும் ஏதோ ஒன்று கையில் கிடைக்கும். அதனால்தான் அந்த விளையாட்டைப் பல வீடுகளில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்கள்.

வீட்டிலும் இந்தத் தொழில் வாடை வீசியது. அவள் வீட்டுக்காரர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார், குறும்புக்காரர்.

"இன்னிக்கு நான் ஏன் லேட்டு? ஒண்ணு, வேலை. ரெண்டு, பஸ் வரலை. மூணு, ஃப்ரெண்டைப் பார்த்தேன். நாலு, மேற்கண்ட எல்லாம்" என்பார்.

"மேற்கண்ட எல்லாம்னு எழுதுறவன் சோம்பேறி. அவனுக்கு இன்னிக்கு டீ கிடையாது" என்பாள் இவள்.

அந்த நிறுவனத்தின் மேனேஜர் இவளைவிட வயதில் சிறியவர். அவர் 'அக்கா' என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். 'மேடம்' என்றால் கோபம். இதை அலுவலகத்தில் எல்லோரும் அறிவார்கள்.

சண்டை தொடங்கியது விளையாட்டின் இறுதிப் போட்டியில். வருடத்துக்கு ஒரு முறை, வீட்டில் ஆடி அதிகப் புள்ளி எடுத்தவர்களை ஓர் அரங்குக்கு வரவழைத்து, மேடையில் ஆடவிட்டு, அதை நேரலையாகக் காட்டுவார்கள். வெல்பவரின் முகம் அடுத்த பதிப்பில் விளையாட்டுக்குள்ளேயே ஒரு பாத்திரமாக வரும். மேடையில் நிற்கிறவர்கள் கையில் நிறுவனத்தின் கைபேசி இருக்கும். கேள்வியை அதில் படித்து அதிலேயே விடையைத் தொட வேண்டும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பெரிய திரை. அது பார்வையாளர்களுக்கு. மேடையில் நிற்பவருக்கு அது தெரியாது.

கடைசிக் கேள்வி வரை வந்தவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடை என்றாலும் பார்வை அளவு பார்ப்பது அவர்தான். படிப்பும் அதற்குத்தான், பலகையில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி அளவு குறிப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், நிதானமானவர்.

பெரிய திரையில் கேள்வி வந்தது: தரையில் மிக வேகமாக ஓடும் பறவை எது? விடைகள்: ஈமு, நெருப்புக்கோழி, மயில், வல்லூறு. அவர் கைபேசியைப் பார்த்தார். தயங்கவே இல்லை. வல்லூறைத் தொட்டார்.

பொம்மை மனிதன் சொன்னான்: "பறக்கிறதுல நீங்க சொன்னவர்தான் ராஜா. ஆனா நான் தரையில ஓடுறதைத்தானே கேட்டேன்?"

இந்த வாக்கியம் என் தம்பி மகள் எழுதியது. அதன் பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கும் ஒலியைச் சேர்த்தது அவள் அல்ல. அந்த ஆண்டு புதிதாக வந்த யாரோ விறுவிறுப்புக்காகச் சேர்த்திருக்கிறார்கள். பதிவுசெய்த சிரிப்போடு அரங்கில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கேமரா அவர் முகத்துக்குக் கிட்டே போனது. அவர் கைபேசியை உயர்த்திக் காட்டி ஏதோ சொன்னார், சிரிப்பில் கேட்கவில்லை. ஓர் ஊழியர் வந்து கைபேசியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். புள்ளியில் அவருக்கு அடுத்து இருந்தவர் வென்றார்.

அந்தக் காட்சித் துண்டு மறுநாளே எல்லோருடைய கைபேசியிலும் ஓடியது. கண் பரிசோதனை செய்கிறவருக்குக் கண் தெரியவில்லை என்பது எழுதத் தெரியாதவனுக்கும் எழுத வரும் நகைச்சுவை. எழுதினார்கள். அவருடைய படத்துக்கு நெருப்புக்கோழியின் கழுத்தை ஒட்டினார்கள். தன் கைபேசியில் 'தரையில்' என்ற சொல்லே இல்லை என்று அவர் விளையாட்டின் இணையப் பக்கத்தில் எழுதினார். நிறுவனம் பதில் எழுதியது: கேள்வி அனைவருக்கும் முழுமையாகக் காட்டப்பட்டது, போட்டியாளர்கள் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

படிக்கும்படி. படிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம்.

பிறகு ஒரு நாள் அவர் கடையை அடைத்துவிட்டு அலுவலகத்துக்கே வந்தார். வரவேற்பறைப் பெண் மேனேஜரிடம் கேட்டாள். மேனேஜர் என் தம்பி மகளின் மேசைக்கு வந்தார்.

"அக்கா, கீழே அந்த வல்லூறு வந்திருக்கார். கொஞ்சம் பேசி அனுப்பிடுங்க. நம்ம டி-ஷர்ட் ஒண்ணு குடுங்க. உங்க விடைதானே, நீங்க பேசினா சரியா இருக்கும்."

இவள் டி-ஷர்ட் இல்லாமல் இறங்கிப் போனாள். அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"அந்தக் கேள்வி எழுதினது நீங்களாம்மா?"

"கேள்வி இல்லைங்க. தப்பான விடைங்க நான் எழுதினது."

"அப்ப வல்லூறு உங்களோடதா?"

"ஆமாங்க."

"நல்லா எழுதியிருந்தீங்கம்மா" என்றார். அவர் கேலி செய்யவில்லை. "நான் சண்டைக்கு வரலை. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அந்த வார்த்தை என் கையில இருந்த ஃபோன்ல இருந்துச்சா, இல்லையா? இருந்து நான்தான் விட்டுட்டேன்னா சொல்லிடுங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் கண்ணை நானே ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன்."

"கடையில ஏதாவது சொல்றாங்களா?"

"சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும். போன வாரம் ஒரு அம்மா பிள்ளைக்குக் கண்ணாடி போட வந்தாங்க. என் மூஞ்சியைப் பார்த்தாங்க. 'அளவு பார்க்க வேற ஆள் இல்லையா'ன்னு கேட்டாங்க. கிண்டலா கேக்கலைம்மா. நிஜமாவே பயந்து கேட்டாங்க. பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஃபோன்ல என்ன இருந்துச்சோ அதை அப்படியே சொல்லுங்க" என்றாள் இவள்.

"மிக வேகமான பறவை எது. அவ்வளவுதான். ஒரே வரி."

அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நீளம். தொலைக்காட்சித் திரைக்கு நீளமானது, கைபேசிக்குச் சுருக்கமானது. சுருக்குவதற்கென்று தனியாகச் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குக் கேள்வியும் சரியான விடையும் மட்டும் அனுப்பப்படும். தவறான விடைகளை அனுப்புவதில்லை; அவற்றைப் படித்தால் நேரம் வீணாகிறதாம். கேள்வியைச் சுருக்கினால் தவறான விடை சரியான விடையாக மாறிவிடலாம், அதனால் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள் என்று இவள் முன்பே சொல்லியிருக்கிறாள். "அக்கா, தப்பை யார் படிக்கப் போறாங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். 'தரையில் ஓடும்' என்ற சொற்களை எடுத்த பையனுக்கு அந்த நான்கில் வல்லூறு இருப்பதே தெரியாது. பக்கத்து வீட்டில் குடியிருந்த தவறு ஒரே வெட்டில் வீட்டுக்காரராகிவிட்டது.

மாடிக்கு ஓடி, சுருக்கக் கேள்விகள் இருக்கும் கோப்பைத் திறந்தாள். அங்கே கேள்வி முழுதாக இருந்தது. தரையில் மிக வேகமாக ஓடும் பறவை எது? யாரோ அதைத் திருத்தியிருந்தார்கள்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"உக்காருங்க அக்கா" என்றார் அவர். "நானே சொல்லணும்னு இருந்தேன். ஷோ முடிஞ்ச அன்னிக்கே பார்த்துட்டோம். சின்ன வெட்டு. உடனே சரிபண்ணி அப்டேட் அனுப்பிட்டோம். இப்ப யார் ஃபோன்ல பார்த்தாலும் 'தரையில்'ங்கற வார்த்தை இருக்கும்."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் நிதானமாப் படிக்கச் சொல்லி எழுதினீங்களா?"

"அது வேற டீம் எழுதினது."

"அவர் கீழே உக்காந்திருக்கார். என்ன சொல்ல?"

"அதுக்குத்தான் உங்க உதவி வேணும்" என்றார் மேனேஜர். "பெரிய போட்டி, ஜெயிச்சவர் ஒருத்தர் இருக்கார், விளம்பரக்காரங்க இருக்காங்க. இப்பப் போய்த் திருப்பிச் சொன்னா எல்லாக் கேள்வி மேலயும் சந்தேகம் வரும். நீங்களே ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க. மேடையில பதற்றம், ஒரு வார்த்தை கண்ணுல படாம போறது சகஜம், அந்த மாதிரி. அவரைக் குறை சொல்ற மாதிரியும் இருக்கக் கூடாது. படிச்சா நம்பணும். நம்புற மாதிரி தப்பு எழுதுறதுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

ஒரு மனிதரின் பிழைப்பில் மண் விழுந்திருக்கிறது. அதைப் போட்டவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மண்ணைத் துடைக்கச் சொல்லி ஒருத்தி வந்து நிற்கிறாள். அவளிடம் இன்னும் கொஞ்சம் மண் கேட்கிறார்கள், அதுவும் பாராட்டிக்கொண்டே.

அவள் கத்தவில்லை. "நான் எழுதுற தப்புக்குப் பக்கத்துலயே சரியானதும் இருக்கும் சார். ரெண்டையும் வச்சுட்டுத்தான் கண்டுபிடின்னு சொல்றோம். சரியானதை எடுத்து ஒளிச்சுட்டுத் தப்பை மட்டும் வச்சா அது விளையாட்டு இல்ல."

"மேடம், ஓவரா யோசிக்கிறீங்க."

அக்கா மேடம் ஆகிவிட்டது.

அவள் கீழே போய்க் கண்ணாடிக் கடைக்காரரிடம் சொன்னாள்: "உங்க ஃபோன்ல அந்த வார்த்தை இல்லைங்க. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. நீங்க சொன்னதுதான் சரி." அவர் அதைக் கேட்டுவிட்டுச் சோபாவில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "இதை நீங்க என்கிட்ட சொன்னது போதாதேம்மா" என்றார். "அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட யார் சொல்றது?"

அன்று மாலை வீட்டில் அவளும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டதை என் தம்பி மனைவி அருகிலிருந்து கேட்டிருக்கிறாள்.

"வெளியில சொன்னா வேலை போயிடும்" என்றார் அவர்.

"தெரியும்."

"தப்பு எழுத ஆள் வேணும்னு வேற எந்தக் கம்பெனியில எடுப்பாங்க?"

"எல்லாக் கம்பெனியிலயும் எடுப்பாங்க. போர்டுல போட மாட்டாங்க, அவ்வளவுதான்."

அவர் சிரித்துவிட்டு, "சரி, எழுது. உனக்குத் தெரிஞ்ச மாதிரியே எழுது" என்றிருக்கிறார்.

மறுநாள் காலை விளையாட்டுக்காரர்கள் கூடும் பக்கத்தில், தன் பெயரும் தான் பார்க்கும் வேலையும் போட்டு, அவள் ஒரு கேள்வியை எழுதினாள். இறுதிப் போட்டியில் கண்ணாடிக் கடைக்காரர் வல்லூறு என்று சொன்னது ஏன்? விடைகள்: பதற்றத்தில் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. பறவைகளைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவருக்குப் பார்வை மங்கல். அவர் கையிலிருந்த கைபேசியில் 'தரையில் ஓடும்' என்ற சொற்கள் இல்லை. நான்கும் ஒரே உயரம் இல்லை என்பதை நான் கவனித்தேன். கடைசி விடை நீளமாக இருந்தது. முதல் முறையாக அவள் அதைக் கத்தரிக்கவில்லை. கீழே ஒரு வரி: மூன்று தவறுகளை எழுதியது நான், நான்காவதை எழுதியிருக்க வேண்டியது நிறுவனம்.

மதியத்துக்குள் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் பார்த்தவர்கள் படம் எடுத்துவைத்திருந்தார்கள். சிலர் அவளைத் திட்டினார்கள், சிலர் ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் அவள் நினைக்காத இடத்திலிருந்து வந்தது. அப்டேட் என்று வந்தால் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. போட்டி நடந்த அன்றே அந்தக் கேள்வி எல்லோருடைய கைபேசிக்கும் போயிருந்தது. திருத்தம் இவர்களுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ஒருவர் தேடி எடுத்துப் படம் போட்டார். மிக வேகமான பறவை எது? கீழே நான்கு விடைகள். பிறகு இன்னொருவர் போட்டார். பிறகு வரிசையாக.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். நிறுவன ரகசியத்தை வெளியிட்டதாகக் காரணம் சொன்னார்கள். ஒரு மனிதர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அந்த ரகசியம். அடுத்த அப்டேட்டின் அடியில், பொடி எழுத்தில், 'சில கேள்விகளின் நீளம் சீராக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தது. ஆடுகிறவர்கள் விடவில்லை. சத்தம் கூடியதும், ஒரு நேரலையின் நடுவில், பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் இடைப்பட்ட சந்தில், பொம்மை மனிதன் சொன்னான்: "சென்ற போட்டியில் ஒரு போட்டியாளருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." சிரமமாம். செருப்புக் கடிப்பதற்கும் சிரமம் என்றுதான் பெயர்.

அதற்குப் பிறகு என் தம்பி மனைவிக்குப் படிக்கும் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. அவள், மகள், நான் மூவரும் அந்தக் கடைக்கே போனோம். சின்னக் கடை, ஒரு பக்கம் கண்ணாடிச் சட்டங்கள், உள்ளே திரைக்குப் பின்னால் எழுத்துப் பலகை. அவர் தம்பி மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது என் தம்பி மகளின் கைபேசி அடித்தது. அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அக்கா" என்றது மேனேஜரின் குரல்.

என் தம்பி மகள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"திரும்பி வந்துடுங்க அக்கா. நீங்க போனதுக்கப்புறம் வர்ற தப்பெல்லாம் பல் இளிக்குது, பிள்ளைங்ககூட கண்டுபிடிச்சிடறாங்க. இனிமே வெளியில எழுத மாட்டேன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அவர் விஷயத்துலதான் வருத்தம் சொல்லிட்டோமே."

கண்ணாடிக் கடைக்காரர் கையில் வில்லையோடு நின்றுவிட்டார். மெல்லிய குரலில், "போயிடுங்கம்மா. எனக்கு இது போதும். இப்பல்லாம் யாரும் சிரிக்கறதில்ல" என்றார்.

"அந்தப் பிள்ளையோட அம்மா திரும்பி வந்தாங்களா?" என்று கேட்டாள் இவள்.

"இல்ல."

அவள் கைபேசியை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். "சிரிச்சப்ப அவர் மூஞ்சியைத் திரை முழுக்கக் காட்டினீங்க சார். வருத்தப்பட்டப்ப மூஞ்சியும் இல்ல, ஆளும் இல்ல. யாரோ ஒரு போட்டியாளர். அதே மூஞ்சியைக் காட்டுங்க. இவர் சொன்ன விடை சரி, நாங்கதான் கேள்வியை வெட்டிட்டோம்னு அந்தப் பொம்மை வாயாலயே சொல்லுங்க. மறுநாள் காலையில என் சீட்டுல இருப்பேன்."

"அவரே போதும்னு சொல்ற மாதிரி கேட்டுச்சே அக்கா."

"அவருக்குப் போதும். எனக்குப் போதலை."

"மேடம்..." என்று ஆரம்பித்தது குரல். அவள் துண்டித்துவிட்டாள்.

"நான் அடுத்த வரியைப் படிக்கவா, இப்படியே உக்காந்திருக்கவா?" என்றாள் என் தம்பி மனைவி, மூக்கில் சட்டத்தோடு.

"படிங்கம்மா" என்றார் அவர். கையிலிருந்த வில்லையைச் சட்டத்தில் செருகினார்.

அந்த முகத்தை நிறுவனம் இன்றுவரை காட்டவில்லை. என் தம்பி மகள் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்.